எல்ஃபுக்கும் குள்ளருக்கும் குடியுரிமை

ஒருவன் ஒரு கற்பனை உலகத்தைச் சமைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதிலே மழை பெய்தால் வீதி சேறாகும். சுங்கம் செலுத்தாதவனைச் சேவகர் இழுத்துச் செல்வர். வாள்வெட்டுப் பட்டவன் களத்திலே மாளாமல், புண் சீழ்பிடித்துச் சில நாள் கழித்து ஏதோ ஒரு சத்திரத்தின் வைக்கோல் படுக்கையில் மாள்வான். இப்படிப்பட்ட உலகத்தில், நூறு பிராயம் கடந்தும் முகம் வாடாத எல்ஃபையும், மலையைக் குடைந்து அதற்குள் நகரம் சமைத்து வாழும் குள்ளரையும், ஆளின் இடுப்பளவே வளர்ந்து ஐந்து வேளை உண்ணும் ஹாஃப்லிங்கையும் எந்தத் தெருவில், யாருக்கு வாடகை கொடுத்து, என்ன தொழில் செய்து பிழைக்க வைப்பது?

தேவதைக் கதை கேட்கும் குழந்தைக்கு இந்தச் சந்தேகம் எழுவதில்லை. நாவல் எழுதுகிறவனும் இதைச் சாமர்த்தியமாகக் கடந்துவிடலாம். தான் காட்ட விரும்பிய வீதியை மட்டும் காட்டி, மற்றவற்றின்மேல் இரவைக் கவித்துவிட்டால் போதும். ஆனால் ரோல்ப்ளேயிங் கேம் என்று உலகெங்கும் வழங்கும் ஆட்டத்தில், மேஜையைச் சுற்றி அமர்ந்த நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்ட, ஒருவர் மட்டும் சூத்திரதாரியாயிருந்து கதையை நடத்துகிறார். அந்த நாலைந்து பேரும் எந்தச் சந்தில் வேண்டுமானாலும் திரும்புவார்கள், எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டுவார்கள், கதவைத் திறக்கும் குள்ளனிடம் அவன் மது வாங்கக் காசு எங்கே சம்பாதித்தான் என்றும் கேட்பார்கள். ஆகவேதான் எல்ஃபுக்கும் குள்ளருக்கும் நில உரிமையும் பிழைப்பும் பழம்பகையும் வகுத்துக் கொடுக்கும் வேலை, இலக்கியாசிரியர்களைக் காட்டிலும் இவ்வாட்டத்தின் கர்த்தாக்களையே அதிகம் வருத்தியிருக்கிறது. அவர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் செய்து பார்த்த யுக்திகளைத் தொடர்ந்து நோக்கினால் அது ஒரு சுவாரசியமான சரித்திரமாகவே அமைகிறது.

இச்சரித்திரம் தொடங்கும் இடம் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூர். அங்கே வசித்த கேரி கைகாக்ஸ் என்பவர் சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பார்த்த வேலையை 1970-இல் இழந்து, வீட்டிலேயே செருப்புத் தைத்துச் செப்பனிட்டுக் குடும்பம் நடத்தியவர். நிலவறையில் மணல் நிரப்பிய மேஜைமேல் சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி மத்திய காலத்துப் போர்களை மறுபடி நடத்திப் பார்ப்பது அவருக்கும் அவர் சிநேகிதர்களுக்கும் பொழுதுபோக்கு. 1971-இல் அவரும் ஜெஃப் பெர்ரன் என்பவரும் சேர்ந்து ‘செயின்மெயில்’ என்ற விதிநூலை வெளியிட்டார்கள். குதிரைப்படை இத்தனை அங்குலம் பாயும், ஈட்டிக்காரர் வரிசை இப்படித் தாங்கும் என்று நிதானமாகக் கணக்குச் சொல்லி வந்த அந்நூலின் கடைசியில், பிற்சேர்க்கையாக, எல்ஃபும் குள்ளரும் ஆர்க்கும் டிராகனும் வந்து நின்றன. டிராகனுக்குப் பொம்மை கடையில் கிடைக்காததால், ஸ்டெகோசாரஸ் என்ற டைனசார் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை கைகாக்ஸ் வெட்டி ஒட்டி டிராகனாக்கிக்கொண்டார். பல சில்லறைக் கடைகளில் விற்ற மலிவான பிளாஸ்டிக் விசித்திரப் பிராணிகளும் இவ்வாறே பிற்காலத்தில் பெயரும் சுபாவமும் பெற்று அவருடைய ஆட்டத்தின் பூதகணங்களில் சேர்ந்துவிட்டன. முதலில் பொம்மை, அதன் பின்னரே அதற்கு வம்சாவளி என்னும் இந்த வரிசைமுறையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் இதுவே பெரிய அளவில் நிகழ்ந்தது.

மினியாபொலிஸ் பக்கத்து நண்பர் டேவ் ஆர்னெஸன், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு வீரனை மட்டும் வைத்து ஆடும் முறையைத் தம் பிளாக்மூர் என்ற கற்பனைப் பிரதேசத்தில் வளர்த்து வந்தார். அதுவும் கைகாக்ஸின் விதிகளும் கலந்து 1974-இல் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பிறந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி, முதல் பதிப்பில் ஆயிரம் பிரதிகள். அதில் ஆடுகிறவன் மனிதனாகவோ குள்ளனாகவோ எல்ஃபாகவோ ஹாபிட்டாகவோ தன்னை வரித்துக்கொள்ளலாம். ஆனால் அனுபவம் கூடக் கூடப் பாத்திரம் படிப்படியாக ஏறும் ஏணியின் உச்சி மனிதனுக்குத் திறந்திருக்க, குள்ளப் போர்வீரன் ஆறாம் படியோடும் ஹாபிட் நான்காம் படியோடும் நின்றுவிட வேண்டும். எல்ஃப் வீரனாக நான்கும் மந்திரவாதியாக எட்டும் படிகள் ஏறலாம், அதற்குமேல் இல்லை.

இந்தத் தடைக்குக் காரணம் என்ன? எல்ஃபையும் குள்ளரையும் ஹாபிட்டையும் தம் நாவல்களில் உலவவிட்ட ஆங்கில ஆசிரியர் டோல்கீனின் உலகம் கைகாக்ஸுக்கு அவ்வளவாகப் பிடித்ததன்று. ராபர்ட் ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ் ஆகியோர் எழுதிய, திருடரும் கூலிவீரரும் மலிந்த, தர்மாதர்மங்கள் மங்கிய உலகங்களே அவர் உள்ளத்துக்கு உகந்தவை. ஆனால் 1965-க்குப் பின் டோல்கீன் நூல்கள் மலிவுப் பதிப்பில் அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே பரவியிருந்தபடியால், ஆட வந்தவர்கள் எல்ஃபும் குள்ளரும் கேட்டார்கள். வாசலில் வந்து நிற்கும் விருந்தாளியைத் திருப்பி அனுப்பவும் முடியாமல் கூடத்தில் அமர்த்தவும் மனமில்லாமல் திண்ணையோடு நிறுத்தி உபசரிக்கும் கிருகஸ்தனைப் போல, அவர் அவர்களை ஆட்டத்தில் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்தார். மனிதர் ஆதிக்கம் பெற்ற உலகமே தமக்கு இசைந்தது என்பதை 1979-இல் வெளிவந்த சூத்திரதாரிக்கான கைந்நூலில் ஒளிக்காமலே எழுதியிருக்கிறார். ஆயிரமாண்டு வாழும் எல்ஃப் ஏன் உலகை ஆளவில்லை என்ற கேள்விக்கு அவர் கொடுத்த விடை, அவனால் எட்டாம் படிக்குமேல் ஏற முடியாது என்பதுதான். இது வேலி, சரித்திரம் ஆகாது. ஆடுகிறவர்களுக்கும் இதனால் திருப்தி உண்டாகவில்லை. பல மேஜைகளில் இவ்விதி ஓசையின்றிக் கைவிடப்பட்டது.

இடையிலே டோல்கீன் நூல்களின் வியாபார உரிமை பெற்றிருந்தோர் ஆட்சேபம் எழுப்ப, 1977 வாக்கில் ஹாபிட் ஹாஃப்லிங் ஆனதும், நடமாடும் மரமாகிய என்ட் ட்ரீயன்ட் ஆனதும், தீப்பூதமாகிய பால்ராக் புத்தகத்திலிருந்து மறைந்ததும் வழக்கறிஞர் சரித்திரத்தைச் சேர்ந்தவை. பெயர் மாறிய பின்னும் ஹாஃப்லிங்கின் ரோமம் படர்ந்த பாதம் மாறவில்லை.

வேறொரு வழியைக் கண்டவர் கிரெக் ஸ்டாஃபோர்ட். அவரும் விஸ்கான்ஸினில்தான், பெலாய்ட் கல்லூரி மாணவராக இருக்கையில், 1966-இல் குளோராந்தா என்னும் உலகத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஆயினும் அவருக்கு ஆதாரம் பொம்மைக் கடையன்று, பல தேசத்துப் புராணங்கள். பின்பு கலிபோர்னியாவுக்குச் சென்று 1975-இல் கேயாஸியம் என்ற பதிப்பகத்தை நிறுவினார். அங்கிருந்து 1978-இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் ஆட்டத்தின் விதிகளை இயற்றியவர்களில் தலையாயவர் ஸ்டீவ் பெரின். பிரம்பு வாளும் கேடயமும் ஏந்தி மத்தியகாலச் சமரை மெய்யாகவே பயிலும் சங்கத்தைச் சேர்ந்தவர். ஆகையால் அவ்வாட்டத்தில் அடி ‘உடம்பில்’ படுவதில்லை. இடது முழங்காலிலோ வலது தோளிலோ வயிற்றிலோ படுகிறது, பட்ட அவயவம் உபயோகமற்றுப் போகிறது. எவ்வளவு பெரிய சூரனும் ஒரு துரதிர்ஷ்டமான பகடையில் காலை இழந்து விழலாம். உடம்பின் விதி இவ்வளவு கடுமையாயிருக்க, அதிலே வாழும் ஜாதிகளின் விதி மட்டும் மிருதுவாய் இருத்தல் பொருந்தாது என்பதை ஸ்டாஃபோர்ட் நன்கு உணர்ந்திருந்தார்.

அவர் எல்ஃபைக் காதுநீண்ட அழகிய மனிதனாக வைக்கவில்லை, தாவரமாகவே ஆக்கிவிட்டார். குளோராந்தாவின் எல்ஃபுகளுக்குக் காடே குலம், காடே தெய்வம். மரம் வெட்டுகிற மனிதன் அவர்களுக்குக் கொலைகாரன். குள்ளரோ உலகம் என்னும் மகா யந்திரத்தைப் பழுதுபார்க்க உண்டான உறுப்புகள். பாறை, ஈயம், பாதரசம், செம்பு என்று பொருளின் பெயராலே குலம் வகுக்கப்பட்டவர்கள். தனக்கு விதித்த வேலையைத் தவறாமல் செய்யும் வரையில் குள்ளனுக்குச் சாவில்லை, வேலையில் சந்தேகம் பிறந்த நாளில் மூப்புப் பிறக்கிறது. வேலையை விட்டு ஊர் சுற்றும் குள்ளன் என்ற ஒரே பாத்திரத்துக்குள் எவ்வளவு பெரிய சோகம் அடங்கியிருக்கிறது என்பதை இதைக் கொண்டு அறியலாம்.

ஆனால் ஸ்டாஃபோர்டும் அவருடைய தோழர் ஸாண்டி பீட்டர்ஸனும் உண்மையில் உயிர் கொடுத்தது ட்ரோல்களுக்கு. 1982-இல் ‘ட்ரோல்பாக்’ என்ற பெட்டி நிறைய, பிற கதைகளில் பாலத்தடியில் பதுங்கி ஆட்டுக்குட்டியைப் பிடிக்கும் மூட அரக்கனுக்கு ஒரு முழு நாகரிகத்தையே எழுதிவைத்தார்கள். பாதாளத்தில் இருளே சுகமாக, இருளே தாய்வீடாக வாழ்ந்தவர்கள் ட்ரோல்கள். மேலுலகில் தேவர்களின் கலகத்தில் சூரிய தேவன் கொலையுண்டு, இறந்தோர் செல்லும் பாதாளத்துக்கே இறங்கி வந்தான். அவனுடைய ஒளி தாங்காமல் வெந்து, வீடிழந்து, அகதிகளாக மேலே ஏறி வந்தவர்களே இவர்கள். மேலே வந்த பின்னும் விதி அவர்களை விடவில்லை. ஒரு பழைய யுத்தத்தில் விழுந்த சாபத்தால், ட்ரோல் தாய்மாரின் வயிற்றில் திடகாத்திரமான குழந்தை ஒன்று பிறக்க வேண்டிய இடத்தில் கூழையும் நோஞ்சானுமான குட்டிகள் ஈட்டு ஈட்டாகப் பிறக்கின்றன. ட்ரோல்கின் எனப்படும் அக்குட்டிகளை அந்த ஜாதியே ஏவலாளாக வைத்துக்கொள்கிறது, விற்கிறது, பஞ்சம் வந்தால் தின்றும் விடுகிறது. எதைக் கொடுத்தாலும் தின்று ஜீரணிக்கும் வயிறு, இருளில் ஒலியைக் கொண்டே உருவறியும் புலன், பூச்சிகளை மந்தையாக வளர்க்கும் விவசாயம், பெண்களே தலைமை தாங்கும் குலம் என்று ஒவ்வொன்றும் மற்றொன்றோடு பிணைந்திருக்கிறது. இதைப் படித்த பின்பு ஆடுகிறவனால் ட்ரோலை வெறும் இரையாக நினைக்க முடியாது; எதிரியாக மட்டும் நினைக்கலாம், எதிரிக்கு அழும் தாய் உண்டு என்ற அறிவோடு.

கரடுமுரடான உலகம் என்றால் இரத்தமும் மலமும் மிகுந்த உலகம் என்று அநேகர் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. ஒவ்வொரு வரத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்தார் என்பதையும், அந்த விலை இன்னும் தீரவில்லை என்பதையும் மறக்க விடாத உலகமே அப்பெயருக்கு உரியது. நம் புராணங்களிலும் தேவரும் அசுரரும் ஒரே காசியபரின் மக்களாய், பங்காளிக் காய்ச்சலோடு நிற்பதால்தான் அச்சண்டைகளில் ஒரு குடும்ப வழக்கின் உறைப்பு இருக்கிறது.

இனி இங்கிலாந்துக்குச் செல்வோம். நாட்டிங்ஹாம்ஷயரின் நியூவர்க் என்னும் ஊரில் 1979-இல் பிரையன் ஆன்ஸெல் நிறுவிய ஸிடடல் மினியேச்சர்ஸ், ஈயக் கலவையில் விரலளவுப் பொம்மைகளை வார்த்து விற்கும் கம்பெனி. பொம்மை ஒன்றிரண்டு வாங்குகிறவனைப் படை படையாக வாங்கச் செய்வதற்காகவே 1983-இல் ஆன்ஸெலும் ரிச்சர்ட் ஹாலிவெல்லும் ரிக் பிரீஸ்ட்லியும் ‘வார்ஹாமர்’ என்ற போர் விளையாட்டை அமைத்தார்கள். சிற்பி எதை வார்த்தாலும் அதற்கு உலகத்தில் இடம் கொடுத்தாக வேண்டும் என்பது எழுத்தாளர் தலையில் விழுந்த நிர்ப்பந்தம். எல்ஃப், குள்ளர், ஆர்க், எலிமனிதர், பல்லிமனிதர், எலும்புக்கூடு என்று அலமாரியில் இருந்த அத்தனைக்கும் ஒரே பூகோளத்தில் பட்டா கொடுக்க வேண்டியதாயிற்று.

1986-இல் அதே உலகத்தை வைத்து, ஹாலிவெல், பிரீஸ்ட்லி, கிரேம் டேவிஸ், ஜிம் பாம்ப்ரா, ஃபில் கல்லகர் ஆகிய ஐவர் பெயரால் ‘வார்ஹாமர் ஃபேன்டஸி ரோல்ப்ளே’ வெளிவந்தது. 360 பக்கங்களுக்கு மேற்பட்ட தடித்த புத்தகம். அவர்கள் செய்த பெரிய காரியம், கதை நடக்கும் இடத்தைப் பழைய பிரிட்டனின் பனிமூட்டக் காவியங்களில் தேடாமல், ஐரோப்பிய சரித்திரத்தின் மிகவும் குழப்பமான வியவகாரமாகிய புனித ரோமானிய சாம்ராஜ்யத்தில் கண்டதுதான். சக்கரவர்த்தி உண்டு, ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும் பிரபுக்கள் அவரைவிடச் செல்வாக்குள்ளவர்கள். துப்பாக்கியும் அச்சு யந்திரமும் வந்துவிட்டன, ஆனால் சூனியக்காரி என்று சொல்லிக் கிழவிகளை எரிக்கும் வழக்கமும் போகவில்லை. நதிவழி வாணிகம் செழிக்கிறது, ஒவ்வொரு வளைவிலும் ஒரு சுங்கச்சாவடி. ஆல்ட்டார்ஃப், நூல்ன், மிடன்ஹைம் என்று ஊர்களின் பெயர்களே ஜெர்மானிய வாசனை வீசுவன.

இவ்வுலகத்தில் பாத்திரமேற்கிறவன் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பிறப்பதில்லை. ஒரு தொழிலோடு பிறக்கிறான், அதையும் பகடைதான் தீர்மானிக்கிறது. சுங்கம் வசூலிப்பவன், ஓடக்காரன், சமாதி திருடுபவன், தெருமுனையில் நின்று ஜனங்களைக் கிளப்பிவிடும் பேச்சாளன் என்று நூற்றுக்கு மேற்பட்ட பிழைப்புகள். அவற்றுள் இன்றுவரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது எலிபிடிப்பவன். அவனுடைய ஆஸ்தி: ஒரு கவண், சில பொறிகள், செத்த எலிகளைக் கட்டித் தொங்கவிட்ட ஒரு கழி, சின்னதாயினும் பொல்லாத ஒரு நாய். இந்த நால்வகைச் சொத்தைப் படித்தவுடனே, இவ்வுலகத்தில் ராஜகுமாரியை மீட்கும் உத்தியோகம் காலியில்லை என்பது ஆடுகிறவனுக்கு விளங்கிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, அத்தொழில் அட்டவணையில் மனிதனுக்கு ஒரு பத்தி, எல்ஃபுக்கு ஒரு பத்தி, குள்ளனுக்கு ஒன்று, ஹாஃப்லிங்குக்கு ஒன்று என்று வகுத்திருப்பது. கைகாக்ஸ் ஏணியின் உச்சியில் வேலி போட்டார். இவர்களோ ஏணியின் அடியிலேயே, எந்த ஜாதிக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதைச் சமுதாய நடைமுறையாக எழுதினார்கள். வேலி அங்கும் இங்கும் உண்டு; ஆயினும் இங்கே வேலி போட்டது விதிநூல் அன்று, ஊரார்.

ஹாஃப்லிங் விஷயத்தில் அவர்கள் காட்டிய நகைச்சுவை ரசிக்கத்தக்கது. மெய்யான சாம்ராஜ்யத்தில் 1356-ஆம் ஆண்டின் பொற்சாசனம் ஏழு பிரபுக்களுக்குச் சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அளித்தது; 1519-இல் ஐந்தாம் சார்லஸ் அவ்வுரிமையாளரை வசப்படுத்த ஃபுக்கர் என்னும் வட்டிக்கடைக் குடும்பத்திடம் பெருங்கடன் வாங்கினார். வார்ஹாமர் சாம்ராஜ்யத்தில், ‘பெருத்தவர்’ என்று பெயர் பெற்ற லுட்விக் சக்கரவர்த்தி, ஆவர்லாண்ட், ஸ்டர்லாண்ட் என்ற இரு மாகாணங்களிலிருந்து நிலத்தை அறுத்து ஹாஃப்லிங்குகளுக்கு மூட் என்ற நாடாக்கிக் கொடுத்ததோடு, அதன் தலைவருக்குச் சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் கொடுத்துவிட்டார். நிலத்தை இழந்த இரு மாகாணத்துப் பிரபுக்களும் அதை இன்னும் மறக்கவில்லை. ஹாஃப்லிங் இனி வெறும் சாப்பாட்டுராமன் அல்லன். நாட்டின் அரசியல் நிர்ணயத்தில் வாக்குடையவன், ஆகவே லஞ்சம் கொடுத்து வசப்படுத்தத் தகுந்தவன், ஆகவே பகைக்கவும் தகுந்தவன். வயிறு பெருத்த ஒரு ராஜாவின் ஒரு கையெழுத்தால் ஒரு கதைக்குழந்தை பிரஜையாகிவிட்டான்.

குள்ளருக்கு இவர்கள் கொடுத்த சரித்திரம் அதனினும் கனமானது. குள்ளரின் வணிகக் கூட்டம் ஒன்றை எல்ஃபுகள் கொள்ளையிட்டதாகச் செய்தி வந்தது. உண்மையில் கொள்ளையிட்டவர்கள் வேஷமிட்டு வந்த இருள் எல்ஃபுகள். நியாயம் கேட்கச் சென்ற குள்ளத் தூதரின் தாடியை எல்ஃப் அரசன் இரண்டாம் காலிடார் சிரைத்து அனுப்பினான். அதனால் மூண்ட நெடும்போரை எல்ஃபுகள் ‘தாடிப் போர்’ என்று ஏளனமாகவும், குள்ளர் ‘பழிவாங்கும் போர்’ என்று அழுத்தமாகவும் அழைக்கின்றனர். இறுதியில் காலிடார் கொல்லப்பட்டான். அவனுடைய மகுடத்தைக் குள்ளர் தம் தலைநகருக்குக் கொண்டுபோயினர், திருப்பிக் கொடுக்கவேயில்லை. எல்ஃபுகள் ‘பழைய உலகம்’ எனப்படும் அக்கண்டத்தைக் கைவிட்டுக் கடல் கடந்து போனார்கள். குள்ளருடைய கோட்டைகளோ நிலநடுக்கத்தாலும், விரிசல் வழியாக ஏறிவந்த ஆர்க்குகளாலும் எலிமனிதராலும் ஒவ்வொன்றாய் விழுந்தன. அப்படிக் காலியான நிலத்தில்தான் மனிதர் எழுந்தனர். மனிதன் ஏன் ஆள்கிறான் என்ற பழைய கேள்விக்கு இங்கே படிக்கணக்கின்றியே விடை கிடைத்துவிடுகிறது: மூத்த இரு ஜாதிகளும் ஒரு தாடிக்காக ஒருவரையொருவர் அழித்துக்கொண்டன.

தமக்கு இழைத்த தீங்கு ஒவ்வொன்றையும் குள்ளர் பெரும் பேரேட்டில் பதிகின்றனர். தீர்த்த பின்புதான் கோடு அடிப்பார்கள், பாட்டன் பட்ட அவமானத்தைப் பேரன் வசூலிப்பான். தீர்க்க முடியாத இழிவு நேர்ந்த குள்ளனோ தலைமயிரைச் செம்மஞ்சளாகச் சாயமேற்றி, பன்றிக்கொழுப்பால் நிமிர்த்தி, மார்க்கவசமின்றிச் சாவைத் தேடிப் புறப்படுகிறான். மிகக் கொடிய மிருகத்தோடு பொருது மாளும்வரை அவனுக்கு விமோசனமில்லை. இதிலுள்ள விபரீதம் என்னவென்றால், வல்லவனாயிருக்கும் அளவுக்கு அவன் சாகத் தவறிக்கொண்டே போகிறான்.

இவையெல்லாம் எழுதப்பட்ட வட்டாரத்தையும் காலத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், நாட்டிங்ஹாம்ஷயரின் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர். 1985-இல் தனிச் சங்கமே கண்டனர். நின்றவனுக்கும் போனவனுக்கும் இடையே ஏற்பட்ட பகை, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்துபோகும் அளவுக்குக் குடும்பங்களுக்குள் தலைமுறை தாண்டி நீடித்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருந்த அந்த ஜில்லாவில் இருந்துகொண்டு, விழுந்துபோன சுரங்கக் கோட்டைகளையும் மன்னிக்கத் தெரியாத சுரங்க ஜாதியையும் எழுதியவர்கள் மனத்தில் ஊர்ப்பேச்சு ஒலித்ததென்று நிரூபிப்பதற்கில்லை. எனக்கு அது ஒலித்திருக்கும் என்றே தோன்றுகிறது.

எல்ஃபின் கதி அவ்வளவு சுபமாக முடியவில்லை. ஏழையாக்க முடியாதவன், கிழவனாக்க முடியாதவன், அவமானப்படுத்தினால் கப்பலேறிப் போய்விடுகிறவன். அவனைச் சேற்றுக்குள் எப்படி நடக்க வைப்பது? வார்ஹாமர் ஆசிரியர்கள் இரண்டு வழி பார்த்தார்கள். முதலாவது விதியின் வழி: சாவின் வாயிலிருந்து தப்புவிக்கும் ‘விதிப்புள்ளிகள்’ என்பவை மனிதனுக்கு அதிகம், எல்ஃபுக்குக் குறைவு. அவன் கண் கூர்மை, கை லாகவம், ஆனால் தெய்வம் அவன் பக்கம் இல்லை. இரண்டாவது, வியாபாரத்தின் வழி. ரைக் நதி கடலில் கலக்கும் மேரியன்பர்க் நகரம், நான்காம் டீட்டர் சக்கரவர்த்திக்குப் பணம் கொடுத்து அவ்வுலகக் கணக்கில் 2429-ஆம் ஆண்டு சாம்ராஜ்யத்திலிருந்து விடுதலையை விலைக்கு வாங்கிய ஊர். அங்கே கடல் எல்ஃபுகளுக்கென்று தனிச் சேரியும், அவர்களோடு செய்த வர்த்தக உடன்படிக்கையால் கொழுத்த வணிகப் பிரபுக்களும் உண்டு. துறைமுகத்தில் சரக்குக்கு விலைபேசும் எல்ஃப், காட்டில் வீணை வாசிக்கும் எல்ஃபைவிட எவ்வளவோ நம்பத்தக்கவன். எனினும் அவனை ஆடுகிறவர் பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்பதில்லை. வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்கே போய்விடுகிறார்கள்.

எலிமனிதராகிய ஸ்கேவன் விஷயத்தில் ஒரு யுக்தி கையாளப்பட்டது. அதை இவ்வுலகின் மிகச் சிறந்த யுக்தி என்பேன். ஒவ்வொரு பெருநகரின் சாக்கடைக்கு அடியிலும் அவர்களுடைய ராஜ்யம் பரந்திருக்கிறது. ஆனால் சாம்ராஜ்யத்தின் அதிகாரிகள் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கின்றனர், படித்தவர்கள் சிரிக்கின்றனர். பார்த்தவன் எலிபிடிப்பவன் ஒருவனே. அவன் சொல்லை யார் மதிப்பார்? இல்லையென்று அரசாங்கமே மறுக்கும் ஜாதி என்பதால், அத்தனை கோடிப் பேர் இருந்தும் அவர்களால் அந்த உலகத்தின் அன்றாடம் சிறிதும் கலைவதில்லை.

மற்றவர்கள் கண்ட வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ராபின் கிராஸ்பி 1983-இல் வெளியிட்ட ஹார்ன் என்னும் தீவு, இங்கிலாந்தின் மானியகால கிராமக் கணக்கைப் போல் எத்தனை வீடு, எத்தனை ஏர் என்று எழுதிய உலகம். அங்கே எல்ஃபுக்கு ஒரு காடு, குள்ளருக்கு அஸடமிர் என்ற ஒரு மலை ராஜ்யம், அவ்வளவே. சாதாரண விவசாயி ஆயுள் முழுவதும் இருவரில் ஒருவரையும் காணாமலே இறந்துவிடுவான். டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனியே 1991-இல் வெளியிட்ட ‘டார்க் ஸன்’ நேர்மாறானது. டிமோதி பிரவுனும் ட்ராய் டெனிங்கும் படைத்த அந்த அதாஸ் உலகம், மந்திரமே மண்ணின் சத்தை உறிஞ்சி வறளச் செய்துவிட்ட பாலைவனம். இரும்பு கிடைப்பது அரிது, தண்ணீரே செல்வம். அங்கே எல்ஃப் நம்பத்தகாத நாடோடித் திருட்டு வியாபாரி. ஹாஃப்லிங் மலைக்காட்டில் மனிதனைத் தின்பவன். குள்ளனுக்கும் மனிதனுக்கும் அடிமைச் சந்தைக்காகவே பிறப்பிக்கப்படும் முல் என்பவன், பிள்ளை பெறும் வாய்ப்பும் அற்றவன். ஆர்க், நோம் முதலிய பழகிய ஜாதிகள் எங்கே என்று கேட்டால், பழங்காலத்துப் படையெடுப்புகளில் பூண்டோடு அழிக்கப்பட்டன என்பதே விடை. ஓர் உலகத்தில் ஒரு ஜாதி இல்லாதிருப்பதையே அதன் சரித்திரமாக்கிய துணிவு மெச்சத்தக்கது. ஆயினும் மனிதனைத் தின்னும் ஹாஃப்லிங் முதல் முறை திடுக்கிட வைக்கிறான், இரண்டாம் முறை சிரிப்பூட்டுகிறான். தலைகீழாக்குதல் என்பது எளிய தந்திரம். மூட் நாட்டின் வாக்குரிமையில் உள்ள நுட்பம் அதில் இல்லை.

வார்ஹாமரின் அந்தப் பழைய உலகத்தை அதன் சொந்தக்காரக் கம்பெனியே 2015-இல் யுகமுடிவு என்று சொல்லி அழித்துவிட்டது. பொம்மைகளுக்கு வேறு உலகம் வந்தது. ஆனால் பாத்திரமேற்று ஆடுகிறவர்கள் அதை விடவில்லை. அயர்லாந்தின் கியூபிகிள் 7 என்ற நிறுவனம் 2018-இல் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது, காலத்தைப் பின்னுக்குத் திருப்பி, அழிவுக்கு முந்திய 2512-ஆம் ஆண்டிலேயே கதையை மறுபடி நிறுத்தியது. அப்பதிப்பிலும் ஆடுகிறவர் எந்த ஜாதியில் பிறப்பதென்று தாமே தேர்ந்துகொள்ளலாம். பகடையிடம் விடலாம் என்றும் ஒரு ஏற்பாடு உண்டு. நூறு முகக் கணக்கில் 90 வரை விழுந்தால் மனிதன். 91 முதல் 94 வரை ஹாஃப்லிங். 95 முதல் 98 வரை குள்ளன். 99-இல் உயர்குல எல்ஃப், நூறில் வன எல்ஃப். பகடை சொன்னதைத் தட்டாமல் ஏற்றுக்கொள்கிறவருக்கு அனுபவப்புள்ளி 20 இனாமாகக் கிடைக்கும். பத்துக்கு ஒன்பது முறை மனிதனாகப் பிறக்கச் சம்மதிப்பவருக்குக் கையூட்டாக இருபது புள்ளி என்பது, கைகாக்ஸ் ஆறாம் படியில் எழுப்பிய வேலியைக் காட்டிலும் அந்தச் சாம்ராஜ்யத்தின் வழக்கத்துக்கு எவ்வளவோ இசைந்த ஏற்பாடு.